எல்லாமே சூட்டுப் புண் இல்லை: வாய்ப்புண்ணில் நாம் செய்யும் தவறுகள்

சேலத்து வெயிலில் வாயில் ஒரு புண் வந்தால் "உடம்பு சூடு" என்று முடித்துவிடுகிறோம். மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ், வீட்டில் மணத்தக்காளிக் கீரை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். புண்ணும் ஆறிவிடுகிறது. சாதாரண வாய்ப்புண் உதட்டின் உள்புறம், நாக்கின் அடி, உள்கன்னம் ஆகிய இடங்களில் வட்டமாக வரும். நடுவில் மஞ்சளும் வெள்ளையும் கலந்திருக்கும், சுற்றிச் சிவந்திருக்கும். 7 முதல் 14 நாளில் அது தானாகவே ஆறும். ஆனால் நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. பிறகு வேறொரு நோய் வாயில் தொடங்கும்போதும் அதே மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். 3 வாரம் தாண்டிய புண் எதுவானாலும் மருத்துவர் கண்ணில் பட்டாக வேண்டும். அடிக்கடி வந்து போகிற புண் என்றால் இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றையும் ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, கொப்புளத்தைத் தேடி ஏமாறுவது. "கொப்புளம் வந்துச்சாங்க?" என்று கேட்டால் "இல்லைங்க, புண்ணுதான்" என்பார்கள். வாய்க்குள் வரும் கொப்புளம் பல்லும் நாக்கும் உரசிச் சில மணி நேரத்தில் உடைந்துவிடும். நாம் பார்ப்பது அது உடைந்த இடத்தை மட்டும்தான். பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற நோய் இப்படித்தான் தப்பிக்கிறது. தோல் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் டெஸ்மோக்ளீன் 3 என்ற புரதத்தை நம் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குவதால் வருவது இது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலில் வாயில்தான் தொடங்கும். உடம்பில் கொப்புளம் வரச் சில வாரமோ பல மாதமோ ஆகலாம்.

நல்ல வெளிச்சத்தில் கிட்டப் பாருங்கள். இந்தப் புண்ணுக்கு வட்டமோ ஒழுங்கான விளிம்போ கிடையாது. தோலுரிந்த சிவப்பு ரணமாக இருக்கும். ஓரத்தில் மெல்லிய வெள்ளைச் சவ்வு பாலாடை போல ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கும். அதை இழுத்துப் பார்க்கக் கூடாது, ரணம் இன்னும் பெரிதாகும். சாப்பாட்டிலும் ஒரு வரிசை தெரியும். முதலில் ஊறுகாயை விடுவார்கள், அடுத்துத் தட்டுவடை செட், பிறகு குழம்பு. கடைசியில் கஞ்சியும் பாலும்தான். வீட்டில் உள்ளவர்கள் "இளைச்சுட்டாங்க" என்று கவனிப்பதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன் இது பெரும்பாலும் உயிரைப் பறித்த நோய். இன்று ஸ்டீராய்டோடு ரிட்டுக்சிமாப் ஊசியும் இருக்கிறது, நன்றாகவே கட்டுப்படுத்தலாம். அதனால்தான் வீணாகும் ஒவ்வொரு மாதமும் எனக்கு வருத்தம் தருகிறது.

ஈறு மட்டும் சிவந்து, பல் துலக்கும்போது உரிந்து வந்தால் அதை ஈறு நோய் என்று எண்ணித் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்துகொள்வதும் தவறு. சவ்வுப் பெம்ஃபிகாய்டு என்ற நோய் ஈறில்தான் அதிகம் தெரியும், நடுத்தர வயதைக் கடந்த பெண்களுக்குக் கூடுதலாக வரும். கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். இந்த நோய் கண்ணில் தழும்பு உண்டாக்கிப் பார்வையையே கெடுக்கக்கூடியது. இரு கன்னங்களின் உள்புறமும் வெள்ளை வலைப்பின்னல் தெரிந்தால் லைக்கன் பிளானஸ் என்ற நாள்பட்ட அழற்சி நோயாக இருக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது நோயின் பெயரை ஊகித்துக்கொண்டு போக வேண்டாம். பார்த்ததைச் சொன்னால் போதும். "ஒரு மாசமா, இடது உள்கன்னத்துல, கடைசிப் பல்லுக்கு எதிர்ல, கடலைப்பருப்பு அளவு, வெள்ளையா இருக்கு, துடைச்சாப் போகலை, வலி இல்லை, தொட்டா கெட்டியா இருக்குங்க." இதில் தேவையான எல்லாமே வந்துவிட்டது. துணியால் துடைத்ததும் வந்துவிடும் வெள்ளை பெரும்பாலும் பூஞ்சை. சர்க்கரை நோயாளிகள், இன்ஹேலர் எடுப்பவர்கள், பல்செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு இது வரும். துடைத்தும் போகாத வெள்ளை, காரணமில்லாத சிவப்புத் திட்டு, கெட்டியான புண் மூன்றையும் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யும் வரை விடக்கூடாது. வலி இல்லையே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மலையில் தோட்ட வேலை செய்பவர்களும் ஊரில் லோடு வண்டி ஓட்டுபவர்களும் பாக்கை மெல்லும் பழக்கம் உடையவர்களாக இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காரம் பட்டாலே எரிச்சல், மேலண்ணத்தில் சின்னச் சின்னக் கொப்புளம், கன்னம் வெளிறிப்போவது. பாக்கால் வாய்த்தசை இறுகும் நோயின் தொடக்கம் இது. வாயைத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். இறுகியது பழையபடி முழுதாக இளகாது, புற்றுநோய்க்கும் வழிவிடும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் இதைச் செய்யும்.

ஊதா மருந்தைத் தடவிவிட்டு வருவது வேண்டாம். புண்ணின் நிறம், விளிம்பு எதுவும் தெரியாது. தடவுவதற்கு முன்பே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சலோடு வாயிலும் உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் வந்தால், மாட்டுக்கு வரும் கோமாரி தொற்றிவிட்டது என்று பயப்படுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வைரஸ். குழந்தை தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்பதைக் கவனியுங்கள். முகத்திலோ அண்ணத்திலோ ஒரே பக்கமாக வரும் கொப்புளம் அக்கி. காவி எழுதிக்கொண்டிருக்கும்போது வைரஸ் மருந்துக்கான முதல் 72 மணி நேரம் போய்விடுகிறது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. வலிப்பு மருந்து, சல்ஃபா மாத்திரை, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போன்றவற்றைத் தொடங்கிய 2 மாதத்துக்குள் உதடு ரத்தப் பொருக்குத் தட்டி, கண் சிவந்து, தோல் எரிந்தால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற, உயிருக்கே ஆபத்தான மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். புது மருந்தை நிறுத்திவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்காட்டில் இருந்தால் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு இரவோடு இரவாகச் சேலத்துக்கு இறங்கிவிடுங்கள். மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.

"கத்தி பட்டா கேன்சர் பரவிடும்" என்று சதைப் பரிசோதனைக்குப் பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப் பரவாது. பரிசோதனையைத் தள்ளிப்போடும்போதுதான் நோய் வளர்கிறது. எடுக்கும் மருத்துவர்களும் கவனிக்க வேண்டும். கொப்புள நோய்க்கு ரணத்தின் நடுவில் எடுத்த சதையால் பயனில்லை, விளிம்பை ஒட்டி எடுக்க வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்கள் சதையில் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கான இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போட்டால் அந்தச் சோதனையே கெட்டுவிடும், அதற்கு மைக்கேல்ஸ் திரவம் வேண்டும்.

நோய் உறுதியாகி ஸ்டீராய்டு தொடங்கிய பின், வாய் ஆறிவிட்டதென்று திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் போடுவதும் வேண்டாம். மருந்தை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார். ஒவ்வொரு முறை போகும்போதும் சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகளையும் எழுதி எடுத்துப் போங்கள்.