“பயந்து ஒளிக்கிறான்” என்று சொல்லமுன்: எடை தாண்டிய சவாலை அளந்து பார்ப்பது எப்படி

லாஸ் வேகாஸில் சனி இரவு எட்டு மணிக்குப் பெரிய குத்துச்சண்டைப் போட்டி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் அப்போது ஞாயிறு காலை எட்டரை. ஒன்பதரைக்குள் முடிவு தெரிந்துவிடும். வென்றவன் ஒலிவாங்கியைப் பிடித்து, தன்னைவிட இரண்டு எடைப் பிரிவு மேலேயோ கீழேயோ நிற்கிற ஒருவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். பத்து மணிக்குச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் தீர்ப்பும் வந்துவிடும்: “மற்றவன் பயந்து ஒளிக்கிறான்.” அது சரியான தீர்ப்பாகவும் இருக்கலாம். ஆனால் தலையில் அடிவாங்கிப் பிழைக்கிற ஒருவனைக் கோழை என்பது சின்னச் சொல் அல்ல. சொல்வதானால் கணக்கோடு சொல்ல வேண்டும், அதற்குக் கைபேசியில் இருக்கிற கணிப்பான் போதும்.

முதலில் நிறை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் எல்லாம் றாத்தலில்தான். நாங்கள் பாண் வாங்குகிற அதே றாத்தல், 453 கிராமும் சொச்சமும். அடிக்கடி அடிபடுகிற எல்லைகளை மனதில் வைத்திருங்கள்: 118, 122, 126, 130, 135, 140, 147, 154, 160, 168, 175, 200. அதற்கு மேல் ஹெவிவெயிட், அங்கே கூரை கிடையாது.

“இரண்டு பிரிவு ஏறிப் போனான்” என்ற பேச்சில் மயங்காதீர்கள். 122இலிருந்து 130க்குப் போவதும் இரண்டு பிரிவு, 154இலிருந்து 168க்குப் போவதும் இரண்டு பிரிவு. முன்னையது 8 றாத்தல், பின்னையது 14 றாத்தல். பிரிவுகளை எண்ணாமல் வீதத்தைப் பாருங்கள்: மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, கீழ் எல்லையால் பிரித்து, நூறால் பெருக்குங்கள். 122இலிருந்து 130 என்றால் 6.6 வீதம். 147இலிருந்து 160 என்றால் 8.8. 154இலிருந்து 168 என்றால் 9.1. எங்கள் அளவுகோல் இது: 5 வீதம் வரை நிறை ஒரு காரணம்தான், ஆனால் மறுப்பதற்கு அது மட்டும் போதாது. 5க்கும் 8க்கும் இடையில் இரண்டு பக்கமும் பேசலாம். 8ஐத் தாண்டினால், மறுத்த சிறியவனைக் கோழை என்பது அநியாயம்.

வீதம் மட்டும் போட்டியின் முடிவைச் சொல்லாது. 2022 மே 7இல் கனெலோ அல்வாரெஸ் 168இலிருந்து 175க்கு ஏறினார், வெறும் 4.2 வீதம். டிமித்ரி பிவோலிடம் மூன்று நடுவர்களின் அட்டையிலும் 115-113 என்று தோற்றார். 2025 செப்டெம்பர் 13இல் டெரன்ஸ் கிரோஃபர்ட் 154இலிருந்து 168க்கு ஏறிவந்து, 9.1 வீதம் தாண்டி, அதே கனெலோவை வென்றார். ஏன் என்று கேட்டால் உடம்பின் சட்டகத்தைப் பார்க்க வேண்டும். பிவோல் ஆறடி, கனெலோ ஐந்தடி எட்டங்குலம் அளவு. கிரோஃபர்டின் கைவீச்சு, அதாவது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், 74 அங்குலம், கனெலோவுக்கு 70.5. நீளமான சட்டகத்தோடு சிறிய பிரிவில் வாழ்ந்தவன் மேலே போனால் மூச்சு விடுகிறான். சின்னச் சட்டகத்தில் தசையை ஏற்றிக்கொண்டு போகிறவன் சுமை தூக்கிக்கொண்டு போகிறான். ஆகவே நிறைக்கு அடுத்ததாகக் கைவீச்சு, பிறகு உயரம். இரண்டும் எந்தப் பதிவுத் தளத்திலும் கிடைக்கும்.

எது பிழையாகப் போகிறது என்பதற்கு கெல் புரூக்கின் கண்ணைப் பாருங்கள். 147இல் உலகச் சம்பியன். 2016 செப்டெம்பர் 10இல் லண்டனில் 160க்கு ஏறி ஜெனடி கொலொவ்கினோடு மோதினார். தொடக்கத்தில் வேகமாகக் குத்தினார், நல்ல அடிகளும் விழுந்தன. ஆனால் கண்குழி எலும்பு உடைந்தது, ஐந்தாம் சுற்றில் அவரது மூலையிலிருந்தே போட்டியை நிறுத்தச் சொல்லித் துவாய் வந்தது. தசையை மூன்று மாதத்தில் ஏற்றலாம். கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு 147இல் இருந்தபடியேதான் இருக்கும். அதே ஆண்டு மே மாதம் அமீர் கான் 147இலிருந்து 155 என்ற பேசிய நிறைக்குப் போய்க் கனெலோவை ஐந்து சுற்று ஓடவிட்டார். ஆறாம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்து, ஆள் விழுந்த இடத்திலேயே கிடந்தார். ஏறிப் போகிறவன் பெரும்பாலும் முதல் நான்கைந்து சுற்றில் நன்றாகத்தான் தெரிவான். அதைப் பார்த்து “பார், நிறை ஒன்றுமில்லை” என்று சொல்லிவிடாதீர்கள்.

திரும்பி இறங்குவதும் சும்மா இல்லை. ரோய் ஜோன்ஸ் 2003 மார்ச் 1இல் 193 றாத்தலோடு, 226 றாத்தல் ஜோன் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். அதே ஆண்டு 175க்கு இறங்கியபோது அன்ரோனியோ டார்வரிடம் மயிரிழையில் தப்பினார். 2004 மே மாதம் அதே டார்வர் இரண்டாம் சுற்றில் அவரைச் சாய்த்தார். ஏற்றிய தசையை உருக்குவது உடம்பின் அடித்தளத்தையே தின்றுவிடுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். ஏறிப் போகிறவன் மேலே இருக்கிற, பட்டம் கொடுக்கிற நான்கு அமைப்புகளின் சம்பியன்களில் யாரைக் கூப்பிட்டான், யாரைக் கூப்பிடவில்லை? ரூயிஸ் மெதுவான ஆள், தெரிந்தெடுக்கப்பட்ட ஆள். அதில் குற்றமில்லை, ஆனால் அந்தத் துணிவை அளக்கும்போது இதையும் தராசில் போட வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தத் தாள். சண்டை பிடிக்கிறவர்கள் வாயால் சொல்கிற நிறை வேறு, தாளில் இருக்கிற நிறை வேறு. இரண்டு பிரிவுக்கும் நடுவில் பேசி முடிக்கிற நிறையைக் கட்ச்வெயிட் என்பார்கள். 2013 செப்டெம்பரில் மேவெதரும் கனெலோவும் மோதியது 154இல் அல்ல, 152இல். இரண்டு றாத்தல்தானே என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே உடம்பைப் பிழிந்து 154க்கு வருகிறவனுக்குக் கடைசி இரண்டு றாத்தல்தான் கொடுமை. அது கொழுப்பு அல்ல, இரத்தத்திலும் தசையிலும் இருக்கிற தண்ணீர்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ரீஹைட்ரேஷன் நிபந்தனை. நிறுவை போட்டிக்கு முதல் நாள் நடக்கும். நிறுத்து முடிந்து றிங்கில் ஏறும்வரை ஒரு நாளுக்கு மேல் கிடைக்கிறது. அதற்குள் குடித்தும் சாப்பிட்டும் பத்து, பதினைந்து றாத்தல் ஏற்றிக்கொள்ளுகிறவர்கள் உண்டு. பத்து றாத்தல் பாணை ஒரு பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள், எதிராளியின் தோளுக்குப் பின்னால் இருக்கிற வித்தியாசம் அதுதான். அதனால் சிறியவனின் தரப்பு “போட்டி நாள் காலையில் மறுபடி நிறுப்போம், இத்தனைக்கு மேல் இருக்கக்கூடாது” என்று கேட்கும். பட்டம் கொடுக்கிற அந்த நான்கு அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப் தன் பட்டத்துக்கு இதை விதியாகவே வைத்திருந்தது: இரண்டாம் நாள் காலை எல்லைக்கு மேல் 10 றாத்தலுக்குள். 2017இல் கொலொவ்கினோடு மோதிய டானியல் ஜேக்கப்ஸ் அந்தக் காலை நிறுவைக்கே போகவில்லை. வென்றிருந்தாலும் ஐ.பி.எஃப் பட்டம் கிடைத்திராது என்று தெரிந்தே உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஆகவே “நிபந்தனை போடுகிறான், அதனால் பயந்தவன்” என்று ஒரே அடியாகச் சொல்ல முடியாது. நிபந்தனையை யார் கேட்கிறார் என்று பாருங்கள். சிறியவன் கேட்டால் அது தற்காப்பு. பெரிய பெயரும் பெரிய உடம்பும் உள்ளவன், கீழிருந்து வருகிறவனிடமே மேலும் இறங்கு, மேலும் வற்று என்று கேட்டால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். 2025 ஏப்ரலில் கிறிஸ் யூபாங்க் ஜூனியரும் கொனர் பென்னும் 160இல் மோதியபோது, தன் பிரிவிலேயே நின்ற யூபாங்குக்குத்தான் பத்து றாத்தல் கூரை கழுத்தில் கத்தியாக இருந்தது. தராசில் அவர் 160.05 காட்டினார். மீறியது 0.05 றாத்தல், ஏறக்குறைய 23 கிராம், ஒரு கோழிமுட்டையில் பாதி. தண்டம் 3,75,000 பவுண். அந்த உடம்போடுதான் மறுநாள் பன்னிரண்டு சுற்று நின்று வென்றார்.

இனித்தான் “ஒளித்தல்”. எங்கள் பார்வையில் அதற்கு நான்கு கேள்வி போதும். இருவரும் ஒரே பிரிவா? சவால் விட்டவன் அமைப்பு ஏற்றுக்கொண்ட கட்டாயச் சவாலாளரா, அதாவது சம்பியன் மோதியே ஆகவேண்டிய ஆளா? திகதியும் பணப்பங்கும் குறிப்பிட்ட எழுத்து மூலமான அழைப்பு இருந்ததா? மறுத்தவன் அந்த இடைவெளியில் யாரோடு மோதினான்? நான்கையும் திகதி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மேடையில் கத்தியது அழைப்பு அல்ல, சமூக வலைத்தளப் பதிவும் அழைப்பு அல்ல.

தெளிவான உதாரணம் ரிடிக் போவ். ஹெவிவெயிட், ஆகவே நிறைக் கதையே இல்லை. கட்டாயச் சவாலாளர் லெனொக்ஸ் லூயிஸ், 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் போவை இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தியவர். 1992 டிசெம்பரில் போவ், பட்டம் கொடுக்கிற இன்னோர் அமைப்பான டபிள்யூ.பி.சி.யின் பட்டியைக் கமராக்களுக்கு முன்னால் குப்பைத் தொட்டியில் போட்டார். பணப்பேச்சு முறிந்தது என்று ஆயிரம் சொல்லலாம், அந்தத் தொட்டியை மறக்கவைக்க முடியாது.

கனெலோவின் 2016 விவகாரம் கொஞ்சம் மங்கல். கானை வீழ்த்திய அதே இரவில் கொலொவ்கினை றிங்குக்குள் கூப்பிட்டு வீரம் பேசினார், இரண்டு கிழமைக்குள் 160 றாத்தல் பட்டத்தைக் கைவிட்டார். போட்டி நடந்தது 2017 செப்டெம்பரில். ஒளித்தாரா? தள்ளிப்போட்டார் என்பதே நேர்மையான சொல். தள்ளிப்போட்ட காலத்தில் எதிராளிக்கு 35 வயதாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு 168இல் டேவிட் பெனவிடெஸ் ஆண்டுக்கணக்காகக் கேட்டும் கனெலோ அவரோடு மோதவில்லை. ஆனால் அதே காலத்தில்தான் 175க்கு ஏறிப் பிவோலிடம் அடிவாங்கினார். ஒரே மனிதன் ஒரு பக்கம் துணிவான், மறுபக்கம் தவிர்ப்பான். “பயந்தாங்கொள்ளி” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இது அடங்காது.

மேவெதர், பாக்கியாவ் கதையில் 2009, 2010இல் பேச்சு முறிந்தது இரத்தப் பரிசோதனையை எப்போதுவரை எடுப்பது என்பதில். கடைசியில் 2015 மே 2இல் மோதியபோது மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. யார் ஒளித்தார் என்று இன்னும் அடிபடுகிறவர்கள் திகதிகளை எழுதிவைத்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை அடங்கும்.

எங்கள் ஊர்க் கழகங்களில் ஒரு பெடியன் மற்றவனைச் சவாலுக்கு இழுத்தால் என்ன செய்வது? அமெச்சூரில் பிரிவு கிலோவில், எல்லைகளும் அகலம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 51, 57, 63.5, 71, 80, 92, அதற்கு மேல். 71இலிருந்து 80 என்பது 12.7 வீதம். தொழில்முறையில் பெரும்பாலும் இரண்டு பிரிவு தாண்டுவதைவிட இங்கே பக்கத்துப் பிரிவே தூரம். நிறுவையும் போட்டி நாள் காலையில், குடித்து ஏற்ற நேரம் இல்லை. ஆகவே தாண்டிய சவாலைப் போட்டியாக வைக்கவே கூடாது, பயிற்சிச் சண்டையாக மட்டும் வையுங்கள்.

இருவரையும் ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்போடு நிறுங்கள். தராசு சீமெந்து நிலத்தில் இருக்க வேண்டும், பாயிலோ ரப்பர் விரிப்பிலோ வைத்தால் பிழையாகக் காட்டும். 20 கிலோ இரும்புத் தட்டை வைத்து முதலில் தராசைச் சோதியுங்கள். வித்தியாசம் 5 வீதத்துக்கு மேல் என்றால் பெரியவன் அரை விசையில், நேர் இடக்கைக் குத்தும் உடம்புக் குத்தும் மட்டும். இருவருக்கும் 16 அவுன்ஸ் கையுறை, தலைக்கவசம், பற்காப்பு, அடிவயிற்றுக் காப்பு. இரண்டு நிமிடச் சுற்று மூன்று, இடையில் ஒரு நிமிடம்.

சவாலுக்காக நிறை குறைக்கவே விடாதீர்கள், அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில். உடம்பு நிறையில் 2 வீதம் தண்ணீர் போனாலே மூச்சுப் பலம் குறையும். மேலங்கி போட்டுக் கதவைப் பூட்டி வியர்க்க வைப்பது எங்கள் வெக்கையில் நேரே மயக்கத்துக்குக் கொண்டுபோகும். 1952 ஜூனில் நியூயோர்க்கில் நூறு பாகை பரனைட்டைத் தாண்டிய சூட்டில், சுகர் ரே ரொபின்சன் 175 பிரிவு ஜோயி மக்சிமை அட்டைகளில் முந்திக்கொண்டிருந்தார். பெரியவன் ஒவ்வொரு பிடியிலும் மேலே சாய்ந்தான், சூடு மிச்சத்தைச் செய்தது. பதினான்காம் சுற்றுக்கு ரொபின்சனால் எழும்ப முடியவில்லை. நடுவருக்கே முடியாமல் பாதியில் ஆள் மாற்றினார்கள். பயிற்சியை விடியக்காலையோ பின்னேரம் ஐந்துக்குப் பிறகோ வையுங்கள்.

சிறியவனின் தலை இரண்டு தரம் பின்னுக்கு உதறினால், அல்லது கண் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தால், சுற்று முடியும்வரை பார்த்திராமல் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அன்றிரவு தனியே படுக்க விடாதீர்கள். தலையிடி கூடினாலோ சத்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.