துத்தநாக சல்பேட்டைத் தொழு உரத்தில் ஊட்டமேற்றும் முறை

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் துத்தநாக சல்பேட்டை நேரடியாகத் தூவினால், வேர் எட்டுவதற்கு முன்பே அதன் பெரும்பகுதி கார்பனேட்டுடனும் பாஸ்பேட்டுடனும் சேர்ந்து கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. ஆகவே மண்ணில் இடும் முன்பே அதை மட்கோடு பிணைத்துவிட வேண்டும். நுண்ணூட்டக் கலவையை 1:10 விகிதத்தில் தொழு உரத்துடன் கலந்து 30 நாள் நிழலில் வைக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைக்கும் இதுவே அடிப்படை.

மட்கிலுள்ள ஹியூமிக், ஃபல்விக் அமிலங்களில் கார்பாக்சில், ஃபீனால் எனும் அணுத் தொகுதிகள் நெருங்கி அமைந்துள்ளன. கார்பாக்சில் தொகுதி ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின் சுமை பெற்றதும் உலோக அயனியை ஈர்க்கிறது. அடுத்தடுத்த இரு தொகுதிகள் ஒரே அயனியை இருபுறமும் பற்றும்போது, எளிதில் அவிழாத கொடுக்கிணைப்பு உருவாகிறது. எல்லா உலோகங்களையும் மட்கு ஒரே இறுக்கத்தில் பிடிப்பதில்லை. செம்பை மிக இறுக்கமாகவும், துத்தநாகத்தை அதைவிடத் தளர்வாகவும், மாங்கனீசை இன்னும் தளர்வாகவும் பற்றுகிறது. ஐரோப்பாவில் சாகுபடிக்குத் திருத்தப்பட்ட சதுப்புக் கரிமண்களில் தானியப் பயிர்கள் செம்புப் பற்றாக்குறையால் நலிந்ததற்கு அந்த இறுக்கம் ஒரு முக்கியக் காரணம். துத்தநாகத்துக்குக் கிடைக்கும் நடுத்தரப் பிடிப்போ, சுண்ணாம்பிடமிருந்து காக்கவும் வேண்டும்போது வேருக்கு விட்டுக்கொடுக்கவும் ஏற்றதாக இருக்கிறது.

ஒரு எக்டருக்கான 25 கிலோ துத்தநாக சல்பேட்டுக்கு 250 கிலோ தொழு உரம் எடுத்துக்கொள்ளுங்கள். அது நன்கு மட்கியதாக இருப்பது மிக முக்கியம். மட்கும்போது நிகழும் ஆக்சிஜனேற்றத்தால்தான் கார்பாக்சில் தொகுதிகள் பெருகுகின்றன என்பதால், பச்சைச் சாணத்தில் அயனியைப் பற்றும் இடங்கள் குறைவு. சல்பேட்டை நீரில் கரைத்து, உரத்தைக் கிளறியபடியே சீராகத் தெளியுங்கள். கட்டியாகத் தூவினால் அது ஓரிடத்திலேயே தங்கிவிடும். ஈரம் புட்டு மாவின் பதத்தில், பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர வேண்டும்.

குவியலை நிழலில் சாக்கால் மூடி வைத்து, அவ்வப்போது கிளறி, காய்ந்தால் நீர் தெளித்துவாருங்கள். சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்க்கவே கூடாது. அவை காரத்தன்மையை உயர்த்தி, துத்தநாகத்தைக் குவியலிலேயே படியவைத்துவிடும். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் ஆகிய பாஸ்பேட் உரங்களையும் இதனுடன் கலக்காதீர்கள். 30 நாள் கழிந்ததும், நெல்லாக இருந்தால் நடவுக்குச் சற்று முன்பு, சமன்படுத்திய வயலில் பரவலாக இடுங்கள்.