மிஸ்ட் இறங்கும் முன்: நீலகிரியில் காட்சி எடுக்கும் புது இயக்குநருக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் முதல் குறும்படமோ தொடரோ எடுக்கப் போகிறவர்கள் ஷாட் டிவிஷனோடு, அதாவது காட்சியை ஷாட்களாகப் பிரித்து எழுதுவதோடு, நிறுத்திவிடக் கூடாது. எந்த ஷாட் முதலில், எது கடைசியில் என்ற வரிசையையும் முந்தின இரவே எழுதிவிட வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். பத்தே நிமிஷத்தில் மூடுபனி (மிஸ்ட்) இறங்கி எதிர்ச்சரிவை மறைத்துவிடும்.

லொகேஷன் பார்க்கும்போதே, ஷூட்டிங் எந்த நேரமோ அந்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். கிழக்குச் சரிவில் மாலை சீக்கிரமே நிழல் விழும்; மேற்குச் சரிவுக்குக் காலை வெயில் தாமதமாக வரும். தேயிலைத் தோட்டம் என்றால் மேனேஜரிடம் கவாத்து (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) எப்போது என்று கேளுங்கள். பச்சையாகப் பார்த்துவிட்டு வந்த சரிவு, கவாத்து முடிந்தபின் வெறும் குச்சியாக நிற்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூரில் மழை அதிகம். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்.

இரண்டு பேர் சரிவில் நின்று பேசும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வைடு மாஸ்டரை, அதாவது இருவரும் தெரிய முழுக் காட்சியையும் தூரத்திலிருந்து எடுக்கும் ஷாட்டை, முதலில் முடியுங்கள். வழக்கமாக ஒருவர் பக்கத்தை முழுக்க எடுத்துவிட்டுத்தான் கேமராவைத் திருப்புவோம். இங்கே அது ஆபத்து. ஒருவர் முகத்துக்குப் பின்னால் வெயிலும் மற்றவர் பின்னால் வெள்ளைத் திரையும் இருந்தால் எடிட்டில் ஒட்டாது. இரண்டு கேமரா இருந்தால் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எடுங்கள். இல்லையென்றால் இரு பக்கத்து முக்கிய வசனங்களையும் முதல் அரை மணியில் வாங்கிவிடுங்கள். குளோசப் கடைசியில் போதும். நடிகருக்கு இரண்டு, மூன்று மீட்டர் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரமோ புதரோ இருந்தால், தூரம் மறைந்தாலும் ஷாட் பொருந்தும்.

பாதியில் மிஸ்ட் வந்துவிட்டால் யூனிட்டைக் கலைக்காதீர்கள். அது வந்து மூடுவதையே, நடிகர்கள் ஃபிரேமில் இருக்க, வைடில் ஒரு நிமிஷம் எடுங்கள். வெயிலில் எடுத்ததையும் பனியில் எடுத்ததையும் எடிட்டர் அந்த ஒரு ஷாட்டை வைத்து இணைத்துவிடுவார். இது எடுக்கப்படாமல் போனால் காட்சியே வீணாகலாம். ஷாட்டுக்கு ஷாட் பொருந்துகிறதா என்று பார்க்க உதவி இயக்குநர் எழுதும் கன்டினியுட்டி குறிப்பில் நேரத்தோடு, பின்னால் எத்தனையாவது மரம் வரை தெரிந்தது என்பதும் இருக்கட்டும். டேக்குக்கு ஒரு போன் படமும்.

கேமராவே வெளிச்ச அளவை முடிவுசெய்யும் ஆட்டோ எக்ஸ்போஷரை நம்பாதீர்கள். வெள்ளைப் பனியை அது சாம்பலாக்கி, முகத்தை இருட்டாக்கிவிடும். முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்து, எக்ஸ்போஷரை அதிலேயே பூட்டுங்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் 5600 கெல்வினில் நிலையாக இருக்கட்டும். லைட்டைக் கேமரா பக்கமிருந்து அடித்தால் பனி சுவர்போலத் தெரியும். பின்னாலோ பக்கவாட்டிலோ வையுங்கள்.

குளிரில் இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும். ஜிப் பையில் மூடி எடுத்துப்போய், அரை மணியாவது கழித்துத் திறக்கவும். பேட்டரியைச் சட்டைப்பையில் வையுங்கள். குளிரில் அதன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத ஜெனரேட்டர் இந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். 5 கேவிஏ மெஷினை 4 என்று கணக்கிட்டு லைட் போடுங்கள்.

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது; யூனிட் வண்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். காட்டுக்குள் எடுக்க வனத்துறை அனுமதி தேவை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் டீக்கு எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோங்கள். மழை பிடித்துக்கொண்டால் உடனே மாற, லொகேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டையோ லயன் வீட்டுத் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) திண்ணையையோ பேசி வைத்து, அங்கே எடுக்க வேண்டிய வசனத்தை, இரண்டு தாள் அளவுக்கு, நடிகர்களுக்கு முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.