காக்கி உடுப்புக்குள் ஏறும் கோபம்: புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பொலிசிலோ சிறைச்சாலையிலோ நீதிமன்றத்திலோ இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். முதல் வருடத்தில் நான் ஒரு வயதான ஐயாவைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். ஒரே கதையை நாலாம் தரம் சொன்னார், அவ்வளவுதான். அவர் கையிலிருந்த கடுதாசிகள் நடுங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

முதலில், கோபம் உங்கள் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். எனக்குத் தாடை இறுகும், பிறகு காது சுடும், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். சிலருக்குப் பேனையைப் பிடித்த விரல்கள் இறுகும். ஒரு கிழமைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம், கவனித்தால் போதும்.

சரி, அடுத்தது மூச்சு. மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். முறைப்பாடு எழுதிக்கொண்டே செய்யலாம், முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் காலையில் பிளேன்ரீ குடிக்க முன்னம் ஐந்து நிமிடம் பழகியிருக்க வேண்டும், கோபம் வந்த நேரத்தில் புதிதாகப் பழக முடியாது.

மூன்றாவது, சப்பாத்துக்குள் பாதம் தரையில் படுவதை உணர்ந்து, மனதுக்குள் 'கோபம் வந்திட்டுது' என்று சொல்லுங்கள். கோபத்தை விழுங்கச் சொல்லவில்லை, வந்ததை வந்தது என்று பார்க்கத்தான் சொல்கிறேன். இந்த மனக்கவனப் பயிற்சியை 1979இல் அமெரிக்காவில் ஜோன் கபாட்-சின் மருத்துவமனை நோயாளிகளுக்காகத் தொடங்கினார், எங்கள் வேலைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

விசாரணை அறையில் இது இன்னும் முக்கியம். உண்மையைக் கக்க வைக்கிறேன் என்று ஒருவரை அடித்து வதைத்தால் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடைச் சட்டத்தின்படி குறைந்தது 7 வருடச் சிறை. அதைவிட, அந்த ஆளின் உடம்பும் மனமும் ஆயுளுக்கும் சுமக்கும். கை துடிக்கிறதென்றால் கதிரையை விட்டு எழும்பி, மற்ற உத்தியோகத்தரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போங்கள்.

அப்புறம் வீடு. நேரே உள்ளே போக வேண்டாம். உடுப்பை மாற்றி, கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கால் கழுவுங்கள், தண்ணீரின் குளிர் கணுக்காலில் ஏறுவதை மட்டும் கவனித்தபடி.

நித்திரை இல்லை, குடி கூடுகிறது, வீட்டிலும் கை நீளுகிறது என்றால் மூச்சுப் பயிற்சி மட்டும் காணாது. தேசிய மனநல உதவி எண் 1926, இன்றைக்கே எடுத்துக் கதையுங்கள்.