குறட்டைக்குச் சீட்டு எழுத மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் வீட்டுக்காரருக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையை வேனில் ஏற்றித் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் இறக்குகிற வேலை. அதிகாலை இரண்டரைக்கு எழுந்தாக வேண்டும். அதனால் பகலில் உட்கார்ந்த இடத்தில் அவருக்குக் கண் சொக்கியதை நாங்கள் யாரும் நோயாக நினைக்கவில்லை. குறட்டையும் பழகிப் போயிருந்தது. பழகாதது ஒன்றுதான். குறட்டை நடுவில் சட்டென்று நின்றுவிடும். இருட்டில் படுத்தபடியே நான் எண்ணுவேன். இருபது, இருபத்தைந்து வரை போன பிறகு, கிணற்றுக்குள் முங்கியவர் மேலே வருகிற மாதிரி ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஒருநாள் கயத்தாறு அருகே வேன் சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போனோம். "குறட்டைக்கெல்லாம் பெரிய டாக்டருக்கு எழுதித் தர வேண்டியதில்லைம்மா. ராத்திரி முழிச்சு வேலை பார்க்கிறவருக்குப் பகலில் தூக்கம் வரத்தான் செய்யும். பத்துக் கிலோ குறைக்கச் சொல்லுங்க" என்றார். சரி என்று, பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லும் சீட்டு இல்லாமலே திரும்பி வந்தோம். எட்டு மாதம் அப்படியே போனது. அந்த எட்டு மாதத்திலும் அதற்குப் பிறகும் நாங்கள் செய்த தவறுகளையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஸ்லீப் ஆப்னியா என்ற இதே நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

"சீட்டு தரவில்லை, அப்படியென்றால் நோய் இல்லை"

எங்களுடைய பெரிய தவறு இதுதான். டாக்டர் எழுதித் தர மறுத்தது ஒரு முடிவு, அவ்வளவுதான். அது பரிசோதனை ஆகாது. அன்று யாரும் அவர் கழுத்தை அளக்கவில்லை, தொண்டைக்குள் பார்க்கவில்லை, மூச்சு நிற்கிறதா என்று கேட்கவும் இல்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஸ்லீப் ஆப்னியாவில் நடப்பது இது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, மூச்சுக் குழாயின் வாசல் அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கப் பார்க்கிறது, காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி ஒரு சில விநாடி விழிக்க, தசை இறுகி வாசல் திறக்கிறது. படுத்திருப்பவருக்கு இது எதுவும் நினைவில் இருக்காது. 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மூச்சு முழுக்க நிற்காமல் வெகுவாகக் குறைகிற தடைகளையும் சேர்த்து, மணிக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் சாதாரணம். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் போனால் கடுமையானது. இரண்டு மூன்று மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு தாறுமாறாவது, பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற ஆபத்து சாலையில்தான்.

எடையைக் குறைப்பது நல்லதுதான், பலனும் உண்டு. ஆனால் எடை குறைந்த பிறகு பார்க்கலாம் என்று வைத்தியத்தைத் தள்ளிப் போடுவது சரியில்லை. தூக்கம் கெட்ட உடம்பில் பசி கூடும், நடக்கத் தெம்பு இருக்காது, எடையும் லேசில் இறங்காது. ஒல்லியானவர்களுக்கும் இது வரும். தாடை உள்வாங்கியிருந்தாலோ டான்சில் பெருத்திருந்தாலோ போதும்.

சீட்டு இல்லாமல் எங்கும் போக முடியாது என்று நினைப்பது

நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு ரெஃபரல் சீட்டே தேவையில்லை. இது தெரியாமல்தான் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தோம். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், காலையில் போய் ஓ.பி. சீட்டுப் போட்டு நெஞ்சக நோய்ப் பிரிவையோ காது மூக்கு தொண்டைப் பிரிவையோ நேராகப் பார்க்கலாம். தனியார் டாக்டரிடம் போவதற்கும் யாருடைய கடிதமும் வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். போவதற்கு முன்பே போன் போட்டு "ஸ்லீப் ஸ்டடி இங்கே எடுப்பீங்களா, ரிப்போர்ட்டைப் படிக்கிற டாக்டர் யார்" என்று கேளுங்கள். ஸ்லீப் ஸ்டடி என்பது தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கிற சோதனை. நெஞ்சக நோய் டாக்டர்கள் எல்லாரும் இதில் இறங்குவதில்லை.

சீட்டு கட்டாயமாகத் தேவைப்படுவது இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு போன்ற திட்டங்களில் இருப்பவர்களுக்குத்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் அதில் வருகிறார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டர் சீட்டு தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். "தேவையில்லைன்னு நீங்க நினைக்கிறதை, காரணத்தோட இந்தச் சீட்டுலேயே எழுதிக் கொடுத்துருங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றதும் நோயாளியை இன்னொரு தடவை பார்க்கிறவர்கள் உண்டு. அதன் பிறகும் மறுத்தால், அந்தத் தாளோடு தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுக்கலாம். மத்திய அரசின் இணையக் குறைதீர்ப்புத் தளத்திலும் பதியலாம். வாயால் சொன்ன மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு முறையிடுவது கஷ்டம்.

இன்னொரு விஷயம். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. எழுதிக் கேளுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பழைய பி.பி. அளவுகள் வரிசையாகக் கையில் இருந்தால் அடுத்த டாக்டருக்கு அது பாதி வேலையைக் குறைக்கும்.

தூங்குகிறவரைத் தனியாக அனுப்புவது

முதல் தடவை டாக்டர் அறையில் பேசியது முழுக்க என் வீட்டுக்காரர். "லேசாக் குறட்டை வருது சார், கொஞ்சம் அசதியா இருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ராத்திரி நடப்பதைப் பார்த்தது நான். ஆம்பளை பேசும்போது குறுக்கே பேச வேண்டாம் என்று பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் எனக்கு வருத்தம் அதுதான். இந்த நோயில் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. சாட்சி வாயைத் திறக்காவிட்டால் எந்த டாக்டருக்கும் இது வெறும் குறட்டையாகத்தான் தெரியும்.

இரண்டாவது டாக்டரிடம் போனபோது செல்போனில் எடுத்த மூன்று நிமிட வீடியோவைக் காட்டினேன். நெஞ்சு எம்பி எம்பி இறங்குகிறது, மூச்சுச் சத்தம் இல்லை, அப்புறம் அந்த இழுப்பு. அவர் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, உடனே ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதினார்.

நீங்கள் போகும் முன் ஒரு தாளில் எட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். கதவைத் தாண்டிக் கேட்கிற அளவுக்குக் குறட்டையா? பகலில் அசதி, தூக்கமா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? இரத்த அழுத்தம் உண்டா? உடல் பருமன் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? கழுத்தைத் தையல் டேப்பால் அளந்துவிடலாம். இது 2008இல் கனடாவின் டொராண்டோ நகர டாக்டர்கள் வெளியிட்ட 'ஸ்டாப் பேங்க்' என்ற கேள்வித்தாள். மூன்றுக்கு 'ஆம்' என்றால் கவனிக்க வேண்டும், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் வாய்ப்பு மிக அதிகம். பருமன் கணக்கில் மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்தியர்களுக்கு 25க்கு மேலேயே உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் 35 இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு ஐந்து 'ஆம்' வந்தது. அந்தத் தாளைப் பார்த்த டாக்டர் எங்களிடம் வேறு மாதிரிப் பேசினார்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பொம்பளை குறட்டை விடுவதாக வெளியே சொல்ல வெட்கப்பட்டு வீடே மறைக்கிறது. அவர்களுக்கு இது காலைத் தலைவலி, தூக்கமின்மை, ஓயாத அசதி என்று வருவதும் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு வாய்ப்பு கூடுகிறது. அதை 'டென்ஷன்' என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அம்மாக்களுக்காக மகள்கள் இந்தத் தாளை எழுதிக் கொண்டுபோங்கள். தைராய்டு குறைவும் இதைக் கூட்டும், அந்த இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

குழந்தை வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விட்டால் வளர்ந்தால் சரியாகும் என்று விடாதீர்கள். பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் காரணம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் சுயவைத்தியம்

தூக்கம் சரியில்லை என்று மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது இந்த நோயில் ஆபத்து. தொண்டைத் தசையை அது இன்னும் தளர்த்தும், மூளை விழிப்பதையும் தாமதமாக்கும். மதுவும் அதே வேலையைச் செய்யும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிஜன் மெஷினை மாட்டிவிட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அடைத்த வாசலை ஆக்சிஜன் திறக்காது. காத்திருக்கும் நாட்களில் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது பலருக்குக் கொஞ்சம் உதவும். வண்டி ஓட்டுகிறவர் வைத்தியம் தொடங்கும் வரை தனியாக நீண்ட தூரம் ஓட்டக் கூடாது. நாங்கள் ஒரு மாதம் மாற்று டிரைவர் வைத்தோம். வருமானம் அடிபட்டது, ஆனாலும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மெஷின் விற்கிறவரே சோதித்து, அவரே மெஷினும் கொடுப்பது

இந்த நோய்க்குப் பெரும்பாலும் கொடுக்கிற வைத்தியம், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்புகிற சிபாப் மெஷின். அதை விற்கிறவர்கள் வீட்டுக்கே வந்து ஸ்லீப் ஸ்டடியும் எடுக்கிறார்கள். விரலில் கிளிப், நெஞ்சில் பட்டை, மூக்கில் சின்னக் குழாய். பலருக்கு அது போதும். ஆனால் சோதிப்பவரும் விற்பவரும் ஒருவராகவே இருந்து, நடுவில் டாக்டர் இல்லை என்றால் சம்மதிக்காதீர்கள். வீட்டுச் சோதனைக் கருவிகள் பெரும்பாலும் மூளை அலையை அளப்பதில்லை. அதனால் நீங்கள் விழித்துப் புரண்ட நேரத்தையும் தூங்கிய நேரமாகக் கணக்கில் சேர்த்து, மணிக்கு இத்தனை என்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். அறிகுறி பலமாக இருந்தும் வீட்டுச் சோதனையில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது, மருத்துவமனையில் முழு இரவுச் சோதனை கேளுங்கள். அதிகாலை இரண்டரைக்கு எழுகிற ஆளுக்கு வேலை நாளில் சோதனை வைக்காதீர்கள், லீவு நாளில் வையுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி அட்மிட் ஆகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சோதனைக்காக மட்டும் சேர்வதைப் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. மெஷின் விலையும் பெரும்பாலும் வராது. முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொண்டால் பிறகு ஏமாற்றம் இல்லை.

பழைய மெஷினை மலிவாக வாங்குவதிலும் கவனம் வேண்டும். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைகிறது என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. வாங்கும் முன் மாடல் எண்ணைச் சரிபாருங்கள்.

ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பது

சிபாப் என்கிற இந்த மெஷின் 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்து வந்த யோசனை. அது ஆக்சிஜன் தருவதில்லை. அறைக் காற்றையே மெல்லிய அழுத்தத்தோடு அனுப்பி, சரிகிற தொண்டைக்கு முட்டுக் கொடுக்கிறது. முதல் வாரம் பலருக்கும் சுகமாக இருக்காது. என் வீட்டுக்காரர் மூன்றாம் நாளே கழற்றி எறிந்தார். காரணம் அவருடைய மீசை. மீசை மேல் மாஸ்க் ஒட்டாமல் காற்று கண்ணுக்குள் அடித்தது. மீசையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க்கை மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. மாஸ்க் பொருந்தாததை மெஷின் பொருந்தாதது என்று நினைத்து விடுகிறவர்கள் நிறையப் பேர். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். ஈரப்பதத் தொட்டியில் போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். இரவு மின்சாரம் போகிற பகுதி என்றால் இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள். ஈரப்பதச் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

எத்தனை மணி நேரம் போட்டோம், காற்று கசிந்ததா, மூச்சுத் தடை இன்னும் எத்தனை என்பதையெல்லாம் மெஷினே பதிந்து வைக்கிறது. குறைந்தது நான்கு மணி நேரம் என்பார்கள், தூங்கும் நேரம் முழுக்கப் போடுவதுதான் நல்லது. அந்தப் பதிவை ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் காட்டாமல் இருப்பதும் தவறுதான். மெஷின் கொஞ்சமும் ஒத்துவராதவர்களுக்குத் தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கிற பல் கருவி, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு. எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க டாக்டரிடம் இந்த நோயைச் சொல்லி, மெஷினையும் எடுத்துப் போங்கள்.

கடைசியாக, வெளியூர் விசேஷத்துக்குப் போகும்போது நாலு பேர் பார்ப்பார்களே என்று மெஷினை வீட்டில் விட்டுப் போவது. சொந்தக்காரர்கள் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். நாங்கள் இப்போது துணிமணிக்கு முன்னால் அதைத்தான் எடுத்து வைக்கிறோம், கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும். கல்யாண மண்டபத்து அறைகளில் பிளக் பாயிண்ட் படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பதில்லை.