மலைநாட்டு ஈரத்தில் ஃபெல்ட் தொப்பி: தெரிவும் பராமரிப்பும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்தில் தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் துவைத்த துணி உலர்வதற்கே நாட்கணக்காகும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு அதே ஈரம் ஆண்டின் கடைசி மாதங்களில் வந்து சேரும். இந்த ஊர்களில் ஃபெல்ட் தொப்பி வைத்திருப்பவர்கள் நனைவதற்கு அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. நனைந்ததை எப்படி உலர்த்துகிறோம் என்பதில்தான் தொப்பியின் ஆயுள் இருக்கிறது.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தாத்தாவிடம் ஒரு பழுப்பு நிறத் தொப்பி இருந்தது. திருவிழா முடிந்து நனைந்து வந்த இரவு ஒன்றில், நல்லது செய்வதாக நினைத்து அதை அடுப்புக்கு மேலே இருந்த ஆணியில் நான் மாட்டிவிட்டேன். காலையில் பார்த்தபோது உள்ளே இருந்த தோற்பட்டை சுருண்டு, பொரித்த அப்பளம் போல மொரமொரத்துக் கிடந்தது. அது சுருங்கிய வேகத்தில் தொப்பியின் வாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டதால், அதன் பிறகு தாத்தாவின் தலையில் அது இறங்கவேயில்லை. ஆனால் ஃபெல்ட் ஓரிடத்திலும் கிழியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, செருப்புத் தைக்கும் ஒருவரிடம் கொடுத்துப் புதுப் பட்டை வைத்துத் தைத்தபோதுதான், அது எவ்வளவு உயர்ந்த பொருள் என்பது எனக்குப் புரிந்தது.

ஃபெல்ட் என்பது நெய்த துணி அல்ல. உரோமத்தை ஈரம், சூடு, அழுத்தம் ஆகியவற்றால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளச் செய்து ஆக்கப்படுவது அது. முயல், நீரில் வாழும் கொறிவிலங்கான பீவர் ஆகியவற்றின் மென்மயிரில் ஆனது மெல்லியதாகவும், இலேசாகவும், அதே நேரம் இறுக்கமாகவும் இருக்கும். ஆட்டுக் கம்பளியில் ஆனது விலை குறைந்தது, கனமானது, மழையில் சுருங்கவும் உருக்குலையவும் கூடியது. கடையில் இரண்டையும் பிரித்தறியக் கண்ணைவிட விரல்களையே நம்ப வேண்டும். விளிம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பாருங்கள். தடிப்பு எங்கும் ஒரே அளவாக இருந்து, மேற்பரப்பு முயலின் காதைத் தொடுவது போல வழுவழுப்பாக இருந்தால் அது நல்ல அறிகுறி. சொரசொரப்பாகவும், பசை போட்ட அட்டை போல விறைப்பாகவும் இருந்தால் அது பெரும்பாலும் கம்பளிதான். விளிம்பை மெதுவாக வளைத்து விடும்போது கோடு விழாமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அடுத்து உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: வியர்வைப் பட்டை உண்மையான தோலாக இருந்து, பசையால் ஒட்டப்படாமல் தையலால் பிடிக்கப்பட்டிருந்தால், பழுதடைந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். பட்டையில், உரோமத்தின் தரத்தைக் காட்டுவதாகப் பொறிக்கப்படும் எக்ஸ் (X) குறிகள் பல இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றுக்கு எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது.

அளவிலும் ஒரு குழப்பம் உண்டு. 57 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள தலைக்கு ஆங்கிலேயத் தொப்பியில் 7 என்றும், அமெரிக்கத் தொப்பியில் 7⅛ என்றும் எழுதியிருப்பார்கள். ஆகவே பழைய தொப்பி வாங்கும்போது எண்ணைப் பாராமல், காதுக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றித் தலையை அளந்துகொள்வதே பாதுகாப்பு.

தொப்பி நனைந்துவிட்டால், முதலில் நீரை உதறிவிட்டு, சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. பிறகு வியர்வைப் பட்டையை வெளிப்புறமாகப் புரட்டி, தொப்பி அந்தப் பட்டையின் மீது நிற்குமாறு, காற்றோட்டமுள்ள இஸ்தோப்பில் ஒரு மேசையின்மேல் வையுங்கள். அப்படி நிற்கும்போது விளிம்பு தட்டையாகாது, தோலும் இழுபடாது. ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகட்டும். அடுப்பும், நேர் வெயிலும், ஹீட்டரும் அதன் அருகே வரவே கூடாது. நன்றாக உலர்ந்த பிறகுதான் தூரிகை. தொப்பியை மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக, மயிரின் போக்கிலேயே மெல்லத் தடவுங்கள். சேறு படிந்திருந்தாலும் உலர்ந்த பிறகே உதிர்த்துவிடுங்கள். எண்ணெய்க் கறைக்கு முகப்பவுடரைத் தூவி ஓர் இரவு விட்டுத் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். வளைந்துபோன விளிம்புக்குக் கேத்தலின் ஆவி போதும்: சில விநாடிகள் காட்டி, இளகியவுடன் கையால் வடிவம் கொடுத்து, ஆறும்வரை பிடித்திருங்கள். தோற்பட்டையில் மட்டும் ஆவி படக் கூடாது.

துரைமாரின் காலத்துத் தொப்பிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. முற்காலத்தில் உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில்கூட அம்முறை 1941 வரை நீடித்தது. அந்த நச்சு இன்னும் உரோமத்தில் தங்கியிருக்கலாம். எனவே அத்தகைய தொப்பியை வெளியே வைத்துத்தான் துடைக்க வேண்டும். ஆவி பிடிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

எடுத்துவைப்பதற்குப் பொலித்தீன் பை மிக மோசமானது. அடைபட்ட ஈரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்துவிடும். அட்டைப் பெட்டியில், விளிம்பு மேலே வருமாறு தொப்பியைக் கவிழாமல் மல்லாத்தி வையுங்கள். உரோமத்தைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் வியர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தையே முதலில் தேடும் என்பதால், சுத்தப்படுத்தாமல் பெட்டியில் இடக் கூடாது. பூச்சி உருண்டை போடுவதானால், தொப்பியைத் தொடாதபடி துணியில் முடிந்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மழை நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். பூஞ்சணம் பூத்துவிட்டாலும் பதற வேண்டாம்: வெயில் இல்லாத, காற்றோடும் இடத்தில் உலர்த்தி, வீட்டுக்கு வெளியே நின்று தூரிகையால் தட்டிவிட்டு, பட்டையைச் சற்றே ஈரமான துணியால் துடையுங்கள். எடுக்கும்போதும் வைக்கும்போதும் இரு கைகளாலும் விளிம்பைப் பிடியுங்கள். முன்பக்க மடிப்பைக் கிள்ளித் தூக்கித் தூக்கியே பல நல்ல தொப்பிகள் அந்த இடத்தில் வெடித்திருக்கின்றன; தாத்தாவின் தொப்பியிலும் இப்போது அங்கேதான் ஒரு நூலிழை அளவு கீறல் தெரிகிறது.