ஓய்வு பெறப்போகும் ஆசிரியருக்கு

அரச பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவருக்கு 60 வயதில் ஓய்வு. திகதி முன்கூட்டியே தெரிந்தாலும் மனதை ஆயத்தப்படுத்துபவர்கள் குறைவு. நான் திருகோணமலையில் கணிதம் படிப்பித்தவள். வேலை முடிவதை ஆசிரியர்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள். "ரீச்சர் ஏன் இன்னும் வரவில்லை" என்று எட்டிப் பார்க்கப் பிள்ளைகள் இல்லாமல் போவதுதான் மனதை உலுக்கும்.

அதனால் உங்களை எதிர்பார்க்கும் இன்னோர் இடத்தைச் சேவையில் இருக்கும்போதே தேடுங்கள். வாரத்தில் குறித்த நாள், குறித்த நேரம் இருக்க வேண்டும். கோயில் வேலை, நூலகம், அயல்வீட்டுப் பிள்ளைக்கு வாசிப்பு, எதுவும் சரி. நான் கடைசி வருடத்திலேயே பாலையூற்றில் ஞாயிறு அறநெறி வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். ஓய்வு பெற்றபின் அடுத்த தவணை தொடங்கி வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வீட்டு வாசலால் போனபோது மனம் கனத்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்தது.

உடனே முழுநேர ரியூசனில் இறங்க வேண்டாம் என்பேன். முதல் தவணையாவது போகட்டும். அதே ஓட்டத்தை வீட்டு விறாந்தையில் தொடர்ந்தால் மனம் ஓய்வுக்குப் பழகாது.

வீட்டில் இருப்பவரோடும் முன்பே பேசுங்கள். என் கணவர் காலையில் பத்திரிகையோடு தனியே இருக்க விரும்புபவர். பத்து மணிவரை அவர் பாடு அவருக்கு, என் பாடு எனக்கு என்று வைத்துக்கொண்டோம்.

அப்புறம், கடதாசி வேலை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நியமனக் கடிதம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா, எங்களுக்குப் பின் குடும்பத்துக்குக் கிடைக்கும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்தின் இலக்கம் சரியா என்று இப்போதே பாருங்கள். பென்சன் இழுபட்டால் நித்திரை போய்விடும்.

அதிகாலையில் எழும்பும் பழக்கத்தை விடாதீர்கள். உப்புவெளிக் கடற்கரையில் நடக்கலாம். வெக்கையான கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள்.

சில நாள் மந்தமாக இருப்பது இயல்பு. நித்திரையும் சாப்பாடும் குறைந்து, ஒருவரையும் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், கிளினிக்கில் பிரஷரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். பிறருக்குப் புத்தி சொல்லியே பழகிய நாங்கள் உதவி கேட்கத் தயங்குகிறோம். தயங்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.